ஒருமனதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விலங்கு

உலகத்தில் இன்றுவரை கண்டுபிடிக்கப்பட்ட உயிரினங்கள் அத்தனையும் பொறுப்பில்லாத முறையில் கண்டுபிடிக்கப்பட்டவை. யாரோ ஒருவன் காட்டில் அலைவான். புதருக்குள் ஏதோ ஓடும். வீட்டுக்கு வந்து எழுதிவைப்பான். அதற்கு நிகழ்ச்சி நிரல் உண்டா? முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார்? கோரமாவது உண்டா? (கூட்டத்துக்கு வேண்டிய கோரத்தைச் சொல்கிறேன், மற்றது எங்களிடமே நிறைய உண்டு.) முறைப்படி கூட்டம் கூட்டி, தேநீர் இடைவேளைக்குப் பிறகு, ஒருமனதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரே விலங்கு எங்கள் துறையுடையது. அந்தக் கூட்டத்தின் குறிப்பை எழுதியவன் நான். குறிப்பில் எழுத இடமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் துறைக்குத் ‘தொலைதீவு உயிரினப் பாதுகாப்பு இயக்ககம்’ என்று பெயர். ஊர் நடுவில் நான்கு மாடிக் கட்டடம். கடலுக்குப் போக ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே கடலைப் பற்றி எந்த உணர்ச்சிக்கும் ஆளாகாமல் முடிவெடுக்க முடிகிறது. வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் பிளாஸ்டிக் மீன்கள். முன்பு உயிருள்ள மீன்கள்தான் இருந்தன. அவற்றைப் பாதுகாக்கக் குழு ஒன்று அமைத்தோம். குழுவின் இரண்டாவது கூட்டத்துக்குள் செத்துப்போயின.

நான் இங்கே இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குறிப்பெழுத்தர். எல்லோரும் என்னைக் ‘குறிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவிகூட கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

ஒருநாள் இயக்குநர் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு ஒரு புதுச் சொல்லோடு திரும்பினார். அந்தச் சொல் ‘களம்’.

“நாம களத்துக்குப் போகணும்” என்றார் கூட்டத்தில். “இருபது வருஷமா தீவுகளைக் காப்பாத்துறோம். ஒரு தீவையாவது பாத்திருக்கோமா?”

“நான் பாத்திருக்கேன் சார்” என்றார் பறவையியலாளர். அலுவலகத்தில் அவருக்குப் பறவைக்காரம்மா என்று பெயர். பதினொரு ஆண்டுகளாக மீன்பிடிப் படகில் தொற்றிக்கொண்டு கடைக்கோடித் தீவு ஒன்றுக்குப் போய், அங்கே மணலில் கூடுகட்டும் செங்கால் ஆலாக்களை எண்ணிவருகிறவர். உலகத்தில் அந்தப் பறவை இரண்டே தீவுகளில்தான் இருக்கிறது. இவர் எண்ணும் தீவில் நானூற்றுப் பன்னிரண்டு ஜோடி. எண்ணிக்கையை ஆண்டுதோறும் கொடுப்பார். நாங்களும் ஆண்டுதோறும் அதற்கு எண் போட்டு வைப்போம். எண்ணுக்கே எண் போடுகிற அலுவலகம் வேறெங்கே இருக்கிறது?

“நீங்க போறது தனிமனித முயற்சிம்மா” என்றார் இயக்குநர் பரிவோடு. “நான் சொல்றது அரசு முயற்சி. அடுத்த மாசம் கிளம்பலாம்.”

“அடுத்த மாசம் முட்டை வைக்கிற மாசம் சார். ரெண்டு மாசம் தள்ளிப் போலாம்.”

“ரெண்டு மாசம் தள்ளிப் போனா என்ன இருக்கும்?”

“குஞ்சு பொரிஞ்சு எல்லாம் பறந்துபோயிருக்கும்.”

“அப்புறம் எதைப் பாக்கிறது? படம் முடிஞ்ச பிறகு திரையைப் பாக்கவா போறோம்?”

அவை சிரித்தது. குறிப்பில் ‘பருவம் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினேன்.

ஆய்வுக் கப்பல் கேட்டு விண்ணப்பித்தால் ஆறு மாதம் ஆகும். சொகுசுப் படகோ மறுநாளே கிடைத்தது. ஒரு தொழிலதிபர் தேசபக்தியோடு கொடுத்து உதவினார். அந்தத் தீவுகளில் ஒன்றில் விடுதி கட்ட அவர் அனுமதி கேட்டிருந்தது வெறும் தற்செயல். மூன்று தளம், வெள்ளை உடம்பு, குளியலறையில் தங்க நிறக் குழாய், தலைகீழாகத் தொங்கும் கண்ணாடிக் கோப்பைகள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் நுண்ணோக்கி ஒன்றை வைத்ததும் அது ‘மிதக்கும் ஆய்வுக்கூடம்’ ஆகிவிட்டது. பக்கவாட்டில் பதாகையும் கட்டினோம். படகின் இயற்பெயர் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்பதைப் பதாகை நன்றாக மறைத்தது.

புறப்படும் காலையில் துறைமுகத்தில் இயக்குநர், பறவைக்காரம்மா, புகைப்படக்காரர், நான், கேப்டன் எல்லோரும் கூடியிருந்தோம். இயக்குநரின் மனைவியும் வந்திருந்தார். அவர் கையில் ஒரு பிரம்புக் கூடை.

“குறிப்பு, இதைக் கொஞ்சம் பிடிங்க. குலுக்காம கொண்டாங்க” என்றார்.

வாங்கினேன். கூடை ‘மியாவ்’ என்றது.

பறவைக்காரம்மாவின் முகம் வெளுத்தது. “சார், நாலாவது விதி.”

நாலாவது விதி எங்கள் துறையின் மணிமகுடம். ‘வளர்ப்பு விலங்கு எதையும் எக்காரணம் கொண்டும் தீவுகளுக்குக் கொண்டுசெல்லக் கூடாது.’ கையெழுத்து: இயக்குநர்.

“விதி தீவுக்கும்மா. இது படகு” என்றார் இயக்குநர்.

“படகு எங்க சார் போகுது?”

“ஐயோ, பட்டு இறங்கவே மாட்டா” என்றார் அம்மையார். “வீட்டுலயே மெத்தையை விட்டு இறங்கினதில்ல. தரைன்னாலே அவளுக்கு அருவருப்பு.”

கூடை மூடியைத் திறந்து காட்டினார். சாம்பல் நிறம், வெள்ளைப் பாதங்கள், பஞ்சு போன்ற வால். கழுத்தில் சிவப்புப் பட்டி, பட்டியில் சின்ன வெள்ளி மணி. கேப்டன் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். படகில் நடப்பது எதுவும் தன் கண்ணில் படாது என்பது அவருடைய தொழில் தர்மம்.

முதல் தீவை மேல்தளத்திலிருந்தே ஆராய்ந்தோம். வெயில் கடுமை. இயக்குநர் தொலைநோக்கியில் இருபது நிமிடம் பார்த்தார்.

“ஆமை ஒண்ணு தூங்குது. எழுதிக்கங்க.”

“அது பாறை சார்” என்றார் பறவைக்காரம்மா.

“தூங்குறப்ப பாறை மாதிரிதான் இருக்கும்.”

‘ஆமை: ஒன்று (உறக்கத்தில்)’ என்று பதிந்தேன். இரண்டாம் தீவில் நண்டுகள் ஏராளம். அவற்றை மிக நெருக்கத்தில், தனித்தனி உறுப்பாகப் பிரித்து ஆராய்ந்தோம். மதியம் ஒன்றரை மணிக்கு, தட்டில்.

மூன்றாம் நாள் காலை கடைக்கோடித் தீவு வந்தது. நாற்பது நிமிடத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவு. தூரத்தில் பார்க்கும்போது அதன்மேல் வெள்ளைப் புகை எழுவதுபோல் இருந்தது. கிட்டே போனதும்தான் அது பறவைகள் என்று தெரிந்தது. இரைச்சல் என்றால் அப்படி ஓர் இரைச்சல். எங்கள் துறையில் பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டும் நாளில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

அங்கே மனிதர் என்று இருந்தவர்கள் இரண்டே பேர், தீவுக் காவலரும் அவர் மனைவியும். தகரக் கூரை வீடு, மழைநீருக்கு இரண்டு பீப்பாய்கள், ஒரு வானொலிப் பெட்டி. இறங்குதுறையில் நாலாவது விதியைச் சிவப்பு எழுத்தில் காவலரே எழுதி நட்டிருந்தார். அதிலிருந்து தீவின் நடுவரைக்கும் இருபுறமும் வெள்ளையடித்த கற்கள்.

“கல்லுக்கு நடுவுல மட்டும் நடங்க சார்” என்றார் காவலர். “அந்தாண்ட இந்தாண்ட கால் வச்சுடாதீங்க. முட்டை எல்லாம் மணல்லதான் கிடக்கு. பாத்தா கூழாங்கல் மாதிரியே இருக்கும்.”

“பாதுகாப்பைப் பத்தி எனக்கே பாடமா?” என்று சிரித்தபடி இயக்குநர் வரலாற்றிலேயே முதன்முறையாகத் தீவு ஒன்றில் காலடி எடுத்துவைத்தார். காலடியில் ‘மொறுக்’ என்றது.

“அசையாதீங்க சார்!” என்று அலறினார் பறவைக்காரம்மா.

இயக்குநர் தூக்கிய மறுகாலைத் தூக்கியபடியே நின்றார். புகைப்படக்காரர் அந்த நொடியைத் தவறவிடவில்லை. ஒற்றைக்காலில் கொக்குப்போல் நிற்கும் அந்தப் படம்தான் ‘இயற்கையோடு ஒன்றிய தலைமை’ என்ற வாசகத்தோடு ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது.

அதற்குள் அம்மையார் சிறு படகில் கரைக்கு வந்துவிட்டார், கூடையோடு. கடற்கரையில் பட்டுவோடு ஒரு படம், ஒரே ஒரு படம் போதுமாம். காவலரின் மனைவி ஓடிவந்தார்.

“அம்மா, கூடையைத் திறக்காதீங்க! உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்!”

“கடிக்காதும்மா, பயப்படாதே” என்று சொல்லி அம்மையார் மூடியைத் திறந்தார்.

மெத்தையைத் தவிர எதையும் மிதித்தறியாத பட்டு தலையை நீட்டிப் பார்த்தாள். எண்ணூற்றுச் சொச்சம் பறவைகள், அத்தனையும் தரையில். அவளுடைய மூதாதையர் யாரோ அந்தக் கணத்தில் அவளுக்குள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரே பாய்ச்சல். கிணிங் கிணிங் என்று மணிச் சத்தம் புதருக்குள் போய் நின்றது. பட்டால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பறவைகளுக்குப் பட்டுவால்தான் தெரிந்தது.

அம்மையார் மணலில் உட்கார்ந்து அழுதார். இயக்குநர் கட்டளையிட்டார். படகுப் பணியாளர்கள் ஒன்பது பேரும் நாங்களும் “பட்டு! பட்டு!” என்று கூவிக்கொண்டு தீவு முழுக்கப் பரவினோம். வெள்ளைக் கற்களை யார் பார்த்தார்கள்? பறவைக்காரம்மா முட்டைகளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் அவர் நின்றால் அந்தப் பக்கம் நாங்கள் போனோம்.

“எல்லாரும் நில்லுங்க!” என்று கத்தினார் காவலரின் மனைவி. “இப்படித் துரத்தினா வராது. நான் மீன் வச்சுப் பிடிச்சுத் தர்றேன். ரெண்டு நாள் இங்கயே இருங்க.”

“ரெண்டு நாளா? நாளைக்கு நாலாம் தீவு. நிகழ்ச்சி நிரல்ல இருக்கு” என்றார் இயக்குநர்.

மாலை நான்கு மணிக்குத் தேடலைக் கைவிட்டோம். பறவைக்காரம்மா குனிந்து குனிந்து எண்ணிக்கொண்டே வந்தார். உடைந்த முட்டைகள் அறுபத்து மூன்று. ‘குழுவினர் முட்டைகளை நேரடியாக அணுகி ஆராய்ந்தனர்’ என்று எழுதினேன்.

படகில் ஏறியதும் இயக்குநர் என்னை ஓரமாக அழைத்தார். “குறிப்பு, பட்டுன்னு ஒண்ணு இந்தப் படகுல ஏறவே இல்ல. புரியுதா?”

புரிந்தது. என் நோட்டில் ‘பூனை ஒன்று, பிரம்புக் கூடையில்’ என்று இருந்த வரியை, சுத்தப் பிரதியில் ‘ஆய்வுப் பெட்டி ஒன்று’ என்று செம்மைப்படுத்தினேன். தாய்மொழி வளமானது. எதையும் எப்படியும் சொல்லலாம்.

புறப்படும் முன் புகைப்படக்காரர் தீவில் நான்கு தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தியிருந்தார். எதிரே ஏதாவது அசைந்தால் தானாகப் படம் எடுக்கும் வகை. மூன்று வாரம் கழித்து, காவலருக்குச் சாமான் கொண்டுபோகும் படகு அந்தப் படங்களோடு திரும்பியது. மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் திரையைத் தொங்கவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். தலைமையகத்திலிருந்து வல்லுநர் வந்திருந்தார். பாலூட்டிகளில் கரைகண்டவர், எச்சத்தை மட்டும் பார்த்தே பதினோரு இனங்களை அடையாளம் கண்டவர். உயிரோடு எதையும் பார்த்ததில்லை. பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும் என்பார்.

முதல் பன்னிரண்டு படங்களில் பறவை. பதின்மூன்றாவது படத்தில் ஒரு சாம்பல் நிற உருவம், வாயில் ஓர் இறக்கையோடு கேமராவை நேராகப் பார்த்தது.

வல்லுநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“இது என்ன?”

புகைப்படக்காரர் தன் காலணியைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

“அந்தத் தீவுல தரை விலங்கே கிடையாதுன்னுதானே உங்க அறிக்கை சொல்லுது?” என்றார் வல்லுநர். “அப்படின்னா இது இதுவரைக்கும் யாருமே பாக்காத ஒண்ணு! அந்த வாலைப் பாருங்க. காத்துல உப்பு இருக்கிறதால வளர்ந்த ரோமம். பாதம் வெள்ளை. மணல்ல மறைஞ்சு நடக்கிறதுக்கு. கழுத்துல சிவப்பா ஒரு வளையம், அதுக்குக் கீழே பளபளன்னு ஒரு உறுப்பு… இதை நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்ல.”

“அது மணி சார்” என்றார் பறவைக்காரம்மா.

“மணி மாதிரி உறுப்பு. சரியாச் சொன்னீங்க. ஒலி எழுப்பி இணையைக் கூப்பிடுமா இருக்கும்.”

“மணி மாதிரி இல்ல சார், மணியேதான். இது பூனை. நம்ம இயக்குநர் வீட்டுப் பூனை.”

பூனைக்கு மணி கட்டுவது யார் என்பது பழைய கேள்வி. எங்கள் துறையில் மணி கட்டியாகிவிட்டது. அதை மணி என்று சொல்வது யார் என்பதுதான் கேள்வி. பறவைக்காரம்மா சொல்லிவிட்டார். எல்லோரும் இயக்குநரைப் பார்த்தோம்.

அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தான் போட்ட விதியைத் தானே மீறியவர் என்று ஒப்புக்கொள்வது. மற்றொன்று, கண்டுபிடிப்பாளர் ஆவது. ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“எனக்கு அங்க இறங்கினப்பவே ஒரு சந்தேகம் இருந்தது” என்றார். “ஏதோ ஒண்ணு நம்மளைப் பாத்துக்கிட்டே இருக்கிற மாதிரி. ஒரு தேநீர் இடைவேளை விடலாமே.”

இடைவேளையில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று தேநீர். மற்றொன்று, பறவைக்காரம்மாவை அருங்காட்சியகப் பிரிவுக்கு மாற்றும் ஆணை. உடனடியாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பதால் அவர் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். இடைவேளைக்குப் பிறகு அவையில் மீதமிருந்த நாங்கள் அனைவரும் கை தூக்கினோம். ஒருமனது என்பது இப்படித்தான் உண்டாகிறது. மனத்தைக் குறைத்தால் ஒருமை தானே வரும்.

விலங்கு ‘அரிதினும் அரிது’ என்று அறிவிக்கப்பட்டது. அறிவியல் பெயராக இயக்குநரின் பெயரே சூட்டப்பட்டது. உலகில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதால், அதைவிட அழிவின் விளிம்பில் நிற்கும் விலங்கு இருக்க முடியாதென்று வல்லுநர் தழுதழுத்தார்.

மறுநாள் ஒரு கோப்பில் கையெழுத்து வாங்க இயக்குநர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அம்மையார் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

“பாருங்க குறிப்பு, என் பட்டு! எப்படி இளைச்சுப்போயிட்டா! இவர்கிட்ட சொல்லுங்க, ஒரு படகு அனுப்பி அவளைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க.”

இயக்குநர் அவர் தோளில் கைவைத்தார். “அழாதே. இனிமே அது உன் பட்டு இல்ல. தேசத்தோட பட்டு.”

தேசத்தின் பட்டு அங்கே ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தாள். தீவிலிருந்து காவலரின் கடிதம் வந்தது. ‘ஐயா, பூனை தினமும் நாலைந்து தாய்ப் பறவையைக் கொல்கிறது. தின்பது ஒன்று, விளையாட்டுக்குக் கொல்வது மூன்று. பயத்தில் மற்றதெல்லாம் முட்டையை விட்டுவிட்டு எழும்பிவிடுகிறது. வெயிலில் முட்டை வெந்துபோகிறது. பூனையைப் பிடிக்க அனுமதி வேண்டும்.’ நான்தான் பதில் தயாரித்தேன். ‘தாங்கள் பூனை என்று குறிப்பிடுவது பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் இயற்கையான உணவுப் பழக்கத்தில் குறுக்கிடுவது தண்டனைக்குரியது. பறவைகள் அதனிடம் ஒத்துழைக்குமாறு பார்த்துக்கொள்ளவும்.’

அடுத்து வந்த படங்களில் விலங்கைக் காணவில்லை. பத்து நாட்களாகக் கேமராவில் வெறும் பறவைகள்; அதுவும் நிம்மதியாக. தலைமையகம் பதறிப்போயிற்று. ‘ஞாயிற்றுக்கிழமை’யில் வல்லுநரையும் குறிப்பெழுத என்னையும் அனுப்பினார்கள்.

காவலர் கரையில் நின்றிருந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்குள் போனோம். சமையல் மூலையில் பெரிய மீன்கூடை ஒன்று கவிழ்ந்திருந்தது, மேலே ஒரு கருங்கல். பக்கத்தில் காவலரின் மனைவி மணையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அது என்ன?” என்றார் வல்லுநர்.

கூடை ‘மியாவ்’ என்றது.

“கொல்லல சார். ஒரு அடிகூட அடிக்கல” என்றார் அந்த அம்மாள். “மீன் குடுக்கிறேன், தண்ணி வைக்கிறேன். ரெண்டாந்தடவையா வச்ச முட்டை பொரியற வரைக்கும் இங்க கிடக்கட்டும். இன்னும் பன்னெண்டு நாள்தான். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க.”

வல்லுநர் கல்லை நகர்த்தினார். தன் வாழ்நாளில் உயிரோடு பார்க்கும் முதல் விலங்கு. கூடையைத் தூக்கியதும் பட்டு வெளியே வந்தாள், சோம்பல் முறித்தாள், நேராக என்னிடம் வந்தாள். என் காலில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். தொண்டைக்குள் குர்ர் குர்ர் என்று ஒரு சத்தம்.

“பாத்தீங்களா!” என்று கூவினார் வல்லுநர். “மனுஷங்களைப் பாத்ததே இல்ல. அதான் பயமே இல்ல! எழுதுங்க, எழுதுங்க!”

காவலரின் மனைவி வல்லுநரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

“அண்ணே, தெரிஞ்சவங்ககிட்டதான் இது இப்படிப் போகும். எங்களை இத்தனை நாள்ல ஒரு தடவை மோந்துகூடப் பாக்கல. இது யாரு வீட்டுப் பூனைன்னு உங்களுக்குத் தெரியும்.”

தோள்பையில் என் நோட்டு இருந்தது. ‘பூனை ஒன்று, பிரம்புக் கூடையில்’ என்ற வரி அதில் அடிபடாமல், என் கையெழுத்தில் அப்படியே இருந்தது. எடுத்து நீட்டினால் போதும்.

“நான் குறிப்பெழுத வந்தவன்மா” என்றேன்.

“அப்ப எழுதுங்க.”

எழுதினேன். ‘விலங்கு நலமாக உள்ளது.’

அரிய விலங்கைச் சிறைப்பிடித்த குற்றத்துக்காகக் காவலரும் மனைவியும் அடுத்த படகிலேயே தீவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பதினாறு ஆண்டு வாழ்க்கை இரண்டு தகரப் பெட்டிகளுக்குள் அடங்கியது. படகு நகர்ந்தபோது அந்த அம்மாள் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, வானத்தைத்தான் பார்த்தாராம். பறவைகள் இறங்க இடம் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தனவாம். அவர்களை ஏற்றிவரப் போன கேப்டன் இதைப் பின்னாளில் சொன்னார். கண்ணில் எதுவும் படாதவர் அன்று எப்படியோ பார்த்துவிட்டார்.

அடுத்த ஆண்டு முட்டை மாதத்தில் பறவைக்காரம்மா விடுப்பெடுத்துக்கொண்டு, பழையபடி மீன்பிடிப் படகில் தொற்றிக்கொண்டு போய் வந்தார். திரும்பியதும் நேராக என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். எப்போதும் எண்ணிக்கை எழுதும் அதே தாள். கட்டத்துக்குள் ஒரு சுழி.

“ஒண்ணுகூடவா இல்ல?” என்றேன்.

“அருங்காட்சியகத்துல ஒண்ணு இருக்கு. பஞ்சு அடைச்சது” என்றார். “இனிமே அதைத்தான் எண்ணணும். எண்ணுறதுக்கு ரொம்ப வசதி. பறக்காது.”

அவர் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை. தாளுக்கு எண் போட்டு வைத்தேன்.

அந்த வாரமே அவசரக் கூட்டம் கூடியது. பறவைகள் இல்லாமல் போனதற்காக அல்ல. கேமராப் படங்களில் விலங்கின் விலா எலும்பு தெரிந்தது. நாற்பது தேசத்து விஞ்ஞானிகள் பார்க்கும் விலங்கு. பட்டினியில் செத்தால் துறைக்கு எவ்வளவு இழுக்கு!

“இரைப் பற்றாக்குறை” என்றார் வல்லுநர் கனத்த குரலில். “பறவைங்க பொறுப்பில்லாம இடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு.”

“என்ன செய்யலாம்?” என்றார் இயக்குநர்.

“அடுத்த தீவுல இதே செங்கால் ஆலா இருக்கு. இருநூறு ஜோடி. மாசம் நாற்பது பறவை பிடிச்சு, பறக்க முடியாதபடி இறகை வெட்டி, இந்தத் தீவுல கொண்டுபோய் விடலாம். வேட்டையாடுற இயல்பும் கெடாம இருக்கும்.”

“அந்த இருநூறு ஜோடிதானே உலகத்துலயே மிச்சம்?” என்று யாரோ பின்வரிசையில் கேட்டார்கள்.

“இருநூறு இருக்கே!” என்றார் வல்லுநர். “இங்க இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. எது அரிது, நீங்களே சொல்லுங்க.”

கணக்கு மறுக்க முடியாதது. கை தூக்கினோம். அழிந்துகொண்டிருக்கும் பறவையைக் காப்பதற்கென்றே உண்டான இயக்ககம், அந்தப் பறவையின் கடைசிக் கூட்டத்துக்கு இறகு வெட்ட ஒருமனதாகத் தீர்மானித்தது. இவ்வளவு தொலைநோக்கு வேறு எந்தத் துறைக்கு உண்டு?

ஆணையைத் தட்டச்சு செய்தவன் நான். மூன்று பிரதிகள். கையெழுத்துக்கு நீட்டும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். ‘பறவைகளை உயிருடன் பிடித்து’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘உயிருடன்’ விடுபட்டிருந்தது. பொறுப்புள்ள ஊழியன் அல்லவா. மூன்று பிரதிகளிலும் பேனாவால் அழகாகச் சேர்த்தேன்.

இயக்குநர் அதைக் கவனித்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “நல்ல வேளை, பாத்தீங்க குறிப்பு” என்றார். “பட்டு செத்துப் பழசானதைத் தொடமாட்டா.”

தலையாட்டினேன். எனக்குத் தெரியாதா? படகில் அதற்கு வேளாவேளைக்கு ஊட்டியவன் நான். இப்போதும் ஊட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.